மன்னியின் தொண்டை

என் மன்னி சூடாமணியின் குரலைப் பற்றித் திருவனந்தபுரம் கரமனையில் சொல்லப்படுகிற கதைகளில் பாதி பொய். அடுக்களையில் நின்றுகொண்டு அவள் "காபி ஆயாச்சு" என்றால் ஆற்றின் அக்கரையில் குளிக்கிறவன் கரையேறி வந்துவிடுவான் என்பது பொய். அக்கரைக்காரர்களுக்கு எங்கள் வீட்டுக் காபியின் லட்சணம் தெரியும், வரமாட்டார்கள். ஆனால் குரல் அங்கே போய்ச் சேரும் என்பது மட்டும் நிஜம்.

நான் வெங்கடகிருஷ்ணன், சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் கடிதம் எழுதும் குமாஸ்தா. மன்னி என் அண்ணா நாகேஸ்வரனின் மனைவி. பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுத ஊரில் ஆட்கள் க்யூவில் நிற்கிறார்கள். மன்னியைப் பற்றி எழுத என்னை விட்டால் நாதியில்லை. எழுதாவிட்டால் நான் நன்றிகெட்டவன், அதற்கான காரணம் போகப்போகத் தெரியும்.

மன்னி பிறந்ததும் எங்கள் தெருவில்தான், ஏழு வீடு தள்ளி. அவளுடைய அப்பா ராமசுப்ரமணியன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குத் தெரு ஆண்கள் கோவளத்துக்குச் சமுத்திர ஸ்நானத்துக்குப் போவார்கள். ஊருக்குப் பக்கத்துக் கடற்கரையான சங்குமுகத்தில் கும்பல், நாலு பேர் கால் மிதிபடும் என்று எங்கள் ஆட்கள் கோவளத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆண்களுக்கு மூன்று மாட்டு வண்டி, வண்டிக்கு நாலு பேர், ஆக மொத்தம் பன்னிரண்டு. பெண்களுக்கும் பாத்திரங்களுக்கும் நாலாவது வண்டி. இந்தக் கணக்கு எந்த வருஷமும் மாறாது, ஏனென்றால் வண்டிக்காரன் ஐந்தாவது ஆளை ஏற்ற மாட்டான்.

கோவளம் அழகான இடம் என்பதில் சந்தேகமில்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பாறை, இரண்டு பக்கமும் வளைந்து போகிற மணல், பின்னால் தென்னந்தோப்பு. வெள்ளைக்காரர்கள் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு பார்ப்பார்கள். அவர்கள் வருவது மார்கழியிலும் தையிலும், கடல் சாதுவாக இருக்கும்போது. எங்கள் ஆட்கள் அந்த மாதங்களில் கடல் பக்கமே போகமாட்டார்கள். மழைக்காலத்தில், அது வெறிபிடித்து மணலைத் தின்றுகொண்டிருக்கும்போது, ஒரு நல்ல நாள் பார்த்து வண்டி கட்டுவார்கள்.

இதற்கு மேல் இன்னொரு புத்திசாலித்தனமும் உண்டு. ஆற்றில் குளித்தால் நீரோட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும், மற்ற ஜலத்தில் சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது விதி. எங்கள் முன்னோர்கள் தஞ்சாவூர்க்காரர்கள். அங்கே கடல் கிழக்கே. காலையில் சூரியனைப் பார்த்து நின்றால் அலையையும் பார்த்துதான் நிற்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தபோது அவர்கள் அம்மி, குழவி, பஞ்சபாத்திரம், இந்த விதி எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டு வந்தார்கள். கடலைக் கொண்டு வர முடியவில்லை. இங்கே கடல் மேற்கே இருந்தது. அதனால் மூன்று தலைமுறையாகப் பன்னிரண்டு பெரிய மனிதர்கள் அரபிக்கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆடி மாதத்து மேகத்தில் சூரியனும் தெரியாது. பெரும்பாலும் வண்டி மாட்டைப் பார்த்துதான் நிற்பார்கள்.

கடல் முதுகில் அறையும். விழுவார்கள், எழுந்திருப்பார்கள். சொம்பு போகும், மூக்குக்கண்ணாடி போகும், ஒரு வருஷம் ஒருவருடைய பல் செட் போயிற்று. கொல்லம் ஆண்டு 1092-ல், இங்கிலீஷில் 1917, மன்னியின் அப்பா போனார்.

மன்னிக்கு அப்போது பதினொரு வயது. பாறை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். பெரியவர்கள் மந்திரம் சொல்லும்போது பெண் குழந்தை வாயைத் திறக்கக்கூடாது என்று வண்டியில் வரும்போதே மூன்று தரம் சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் கடல் எழும்பியதை அவள் பார்த்தாள். அவள் சமர்த்துக் குழந்தை, பேசவில்லை. அலை வந்து போனபோது பன்னிரண்டு பேர் நின்ற இடத்தில் பதினொரு பேர்தான் எழுந்து நின்றார்கள். மூன்றாம் நாள் பூந்துறைப் பக்கம் அவரைக் கண்டெடுத்தார்கள்.

அதற்குப் பிறகு மன்னி சமர்த்தாக இருக்கவில்லை.

பதின்மூன்றாம் வயதில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். வந்த நாளிலிருந்து கத்தினாள். யார் வீட்டுக் குழந்தை ஆற்றுப் படியில் வழுக்கப் பார்க்கிறது, யார் வீட்டு அடுப்பில் பால் பொங்குகிறது, யார் வீட்டுக் கொல்லையில் பாம்பு நுழைகிறது, எல்லாவற்றுக்கும் கத்தல். பாதி நேரம் பாம்பு இல்லை, கயிறு. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. "கயிறா இருந்தா நல்லதாப் போச்சு" என்பாள். நாகேஸ்வரன் பெண்டாட்டியின் வாய்க்குக் கதவே கிடையாது என்று தெரு முழுக்கப் பேசினார்கள், அதுவும் அவள் காதில் விழாத தூரத்துக்குப் போய்.

அண்ணா மெதுவாகப் பேசுகிறவன். சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க், இரண்டு வார்த்தையில் முடிகிறதை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ஆள். கரமனை ஆற்றில் நீச்சலில் அவனை ஜெயிக்க யாருமில்லை. தினம் காலையில் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பத்து தடவை போய்வருவான். பிறகு படியில் நின்று மார்பைத் துடைத்துக்கொள்வதற்குக் கால் மணி நேரம், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. நானோ முழங்கால் வரை இறங்கிச் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிற கட்சி. தண்ணீர் குடிப்பதற்குத்தான் என்பது என் கொள்கை.

1110-ம் வருஷத்து ஆடி அமாவாசையில் எனக்கு முறை வந்தது. பன்னிரண்டில் ஒருவர் வாதத்தில் படுத்துவிட்டதால் அவர் இடத்தில் என்னை ஏற்றினார்கள். அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ண வேண்டியவன், மாட்டேன் என்று சொல்ல முடியாது. வரிசையாக நின்றோம். எங்கள் புரோகிதர் வெங்கடேஸ்வர சாஸ்திரிகள் சங்கல்பம் சொல்லிக்கொண்டிருந்தார். மன்னி பாறைமேல் நின்றிருந்தாள். திடீரென்று ஒரு சத்தம் வந்தது:

"ஏன்னா!"

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், எல்லார் வீட்டிலும் இதே "ஏன்னா"தான். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் கல்யாணமானவர்கள். ஒன்பது பேரும் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் மாதிரி கடல் பக்கம் திரும்பினார்கள். இரண்டு பேர் தாரமிழந்தவர்கள், பழைய பயத்தில் அவர்களும் திரும்பினார்கள். திரும்பாதவன் நான் ஒருவன்தான். பனை உயரத்துக்கு வந்த அலையை அவர்கள் பார்த்தார்கள், கரையை நோக்கி ஓடினார்கள். நான் மூக்கைப் பிடித்தபடி ஒரு கைப்பிடி மணலைத் தின்றேன்.

உயிர் பிழைத்ததற்கு யாராவது நன்றி சொன்னார்களா என்றால் இல்லை. சங்கல்பம் பாதியில் அறுந்துவிட்டது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார் சாஸ்திரிகள். அதனால் வீடு திரும்ப இரண்டு மணி நேரம் தாமதம். இலையில் உட்காரும்போது வாழைக்காய்க் கறி ஆறியிருந்தது. தெருவில் ஆறு மாதம் அதே பேச்சு.

அன்றைக்கு ஆண்கள் இரண்டாம் தடவை சங்கல்பம் பண்ணிக்கொண்டிருந்தபோதுதான் மன்னிக்கு எலிசாளோடு பழக்கம் ஏற்பட்டது. எலிசாள் கொளச்சலில் பிறந்து கோவளத்துக்கு வாழ்க்கைப்பட்டவள், மீன் விற்கிறவள். மன்னி வயதுதான் இருக்கும். பாறைக்குக் கீழே கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, இந்தச் சாமிமாருக்குக் கடலு மேல எதாம் கோவமா? எல்லாரும் முதுகக் காட்டிட்டு நிக்கியாவளே!"

"சூரியனைப் பாத்து நிக்கணுமாக்கும்."

"கடலுக்கும் மாமியாருக்கும் முதுகக் காட்டப்பிடாது அம்மா. ரெண்டும் எப்ப எழும்பி வரும்னு சொல்ல முடியாது."

ஒரு மடிசார் மாமியும் ஒரு மீன்காரியும் பக்கத்தில் நின்று பேச முடியாது, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். இரண்டு பேருக்கும் இருந்த குரலுக்கு அது ஒரு தூரமே இல்லை. நான் மணலைத் துப்பிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். மன்னி கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள், எலிசாள் கடலைக் காட்டிக்காட்டிப் பதில் சொன்னாள். சின்ன அலை நாலைந்து வந்தால் பின்னாலேயே பெரியது இரண்டு மூன்று சேர்ந்து வரும். அலை உடைந்து நுரை கட்டுகிற இடத்தைவிட, நடுவில் நுரையே இல்லாமல் சாதுவாகத் தெரிகிற இடம்தான் மோசம். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகும், ஆளையும் கூட்டிக்கொண்டு.

"இழுத்துட்டுப் போனா எதுத்து நீந்தப்பிடாது. ராசா மாதிரி மல்லாந்து கெடக்கணும். கொஞ்ச தூரம் கொண்டு போயிட்டு அதுவே களச்சுப்போவும். நீந்துனவன்தான் சாவான்."

மன்னியின் அப்பா நன்றாக நீந்தத் தெரிந்தவர்.

வண்டியில் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டாள். "ஏன்னா, சூரியனைப் பாத்துதானே நிக்கணும்? மத்தியானத்துக்கு மேல சூரியன் எந்தப் பக்கம் இருக்கான்? மேக்கேதானே? அப்போ வந்து நின்னா கடலைப் பாத்த மாதிரியும் ஆச்சு, சூரியனைப் பாத்த மாதிரியும் ஆச்சு."

சாஸ்திரிகளிடம் கேட்கச் சொல்லி அண்ணாவை ஒரு மாதம் பிய்த்து எடுத்தாள். கடைசியில் அண்ணா கேட்டான். சாஸ்திரிகள் தலையைச் சொறிந்துகொண்டு, அமாவாசைத் தர்ப்பணத்துக்குப் பிற்பகல்தான் விசேஷம், சாஸ்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் எதற்கு இத்தனை காலமாக விடியற்காலையில் போகிறோம் என்று நான் கேட்டேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காரணம் வயிறு. தர்ப்பணம் முடிகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. காலையில் முழுக்குப் போட்டால் பதினோரு மணிக்கு இலை போட்டுவிடலாம். பிற்பகல் இரண்டு மணிக்குக் கோவளத்தில் முழுக்கென்றால் ஏழெட்டு மைல் வண்டியில் வந்து சாப்பிட உட்காரும்போது விளக்கு வைத்துவிடுவார்கள். தெருவில் ஒரு கூட்டம் போட்டார்கள். பன்னிரண்டு பேரும் முன்னோர் வழக்கத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார்கள். சாப்பாடு என்ற வார்த்தை யார் வாயிலும் வரவில்லை. காலையிலேயே போவது என்று தீர்மானமாயிற்று. நானும்தான் கை தூக்கினேன், மறைப்பானேன்.

அதோடு விடவில்லை. அடுத்த வருஷம் நாகேஸ்வரன் மனைவி கத்தினால் நாங்கள் வரமாட்டோம் என்று பாக்கிப் பேர் சொன்னார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் அண்ணா அவளைக் கூப்பிட்டான்.

"விளக்கைத் தொட்டுச் சொல்லு. மந்திரம் முடியற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு."

மன்னி அவனைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எனக்கா? நீச்சல் தெரியாதவனுக்குச் சொல்லு."

அவள் விளக்கைத் தொட்டாள். அப்போது நீச்சல் தெரியாதவன் ஒருவன் பக்கத்து அறையில் சவரம் பண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

1111-ம் வருஷத்து ஆடி அமாவாசை. இரவெல்லாம் கொட்டிய மழை விட்டிருந்தது, கடல் செம்மண் நிறத்தில் குமுறிக்கொண்டிருந்தது. போன வருஷம் தின்ற மணல் என் ஞாபகத்தில் இருந்ததால் வரிசையின் ஓரத்தில் எனக்கென்று ஒரு நல்ல இடமாகப் பார்த்தேன். எல்லாரும் நின்ற இடத்தில் அலை உடைந்து நுரையாக இருந்தது. ஓரத்தில் மட்டும் பத்தடி அகலத்துக்கு நுரையே இல்லாமல் பாய் விரித்த மாதிரி இருந்தது. நான் அங்கே போய் நின்றேன். எலிசாள் சொன்னது அத்தனையையும் காதால் கேட்டவன்தான். ஆனால் அது மன்னிக்குச் சொன்னது, மீன்காரர்கள் விஷயம், ஜவுளிக் கடைக் குமாஸ்தாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எண்ணம். கடலுக்கு முதுகைக் காட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

மன்னி பாறைமேல் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளாம். நான் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். அலை எழும்புவதைப் பார்த்தாள். விளக்கைத் தொட்ட கை. ஒரு கணம், இரண்டு கணம் நின்றுவிட்டாள். "ரெண்டாவது தடவையும் வாயை மூடிண்டு நின்னேன்டா" என்று பிற்பாடு என்னிடம் சொல்லி அழுதாள்.

"வெங்கிட்டு!"

நான் திரும்பினேன், அதற்குள் அலை என்மேல் இருந்தது. எழுந்தபோது காலுக்கடியில் மணல் இல்லை. கரை நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. பதினொரு பேர் நனைந்த குடுமிகளோடு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதும், அவர்கள் சிறுத்துக்கொண்டே போவதும் தெரிந்தது.

அண்ணா வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு பாய வந்தான். மன்னி பாறையிலிருந்து குதித்து வந்து, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அவன் குடுமியைப் பிடித்தாள்.

"ஒருத்தன் போறும்!"

"விடுடீ, என் தம்பி!"

"உங்க கரமனை ஆத்து நீச்சல் இங்க செல்லாது. இங்கேயே நில்லுங்கோ. இல்லாட்டா ரெண்டு பேரையும் தேடணும்." குடுமியை விடாமலே என் பக்கம் திரும்பினாள். "வெங்கிட்டு! கை காலை அடிக்காதே! மல்லாந்து படு! ஆகாசத்தைப் பாரு!"

நான் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பதினேழு வருஷமாக அந்தக் குரல் எழுந்திரு என்றால் எழுந்து, சாப்பிடு என்றால் சாப்பிட்டுப் பழகிய உடம்பு. படு என்றதும் படுத்துவிட்டது. ஆகாசம் தெரிந்தது. சாம்பல் நிறம், அதில் ஒரு பருந்து. எனக்கு அவ்வளவு பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மன்னி அண்ணாவைச் சாஸ்திரிகள் கையில் ஒப்படைத்துவிட்டு மறுபடி பாறைமேல் ஏறினாள். "இப்போ வரது! மூச்சைப் பிடி!" என்றாள். பிடித்தேன். அலை என்னைத் தூக்கி இறக்கியது. "போயாச்சு, விடு!" விட்டேன். இப்படியே பத்து இருபது அலை. நடுவில் அலை இல்லாத நேரத்தில் நான் மறுபடி கையை அடிக்க ஆரம்பித்துவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். அதனால் பேச்சை நிறுத்தவே இல்லை. சொல்லித்தர வேண்டியது தீர்ந்துபோனதும் வீட்டு விஷயத்தை எடுத்தாள்.

"வெங்கிட்டு! போன தீபாவளிக்கு இருபத்தஞ்சு அப்பளம் பொரிச்சு வெச்சேன், எண்ணினா பத்தொம்பது! நீதானே எடுத்தே? தெரியுமாக்கும்!"

பதில் சொல்ல வழியில்லை. வாயைத் திறந்தால் அரபிக்கடல் உள்ளே வரும்.

"உன் ஜாதகத்தை நாலு ஆத்துல கொடுத்திருக்கு! மூணு பேர் திருப்பி அனுப்பிட்டா! நாலாவது ஆத்துல இன்னும் பாக்கலை! அதுக்குள்ள போயிடாதே! இப்போ வரது, மூச்சைப் பிடி!"

என் ஜாதகம் திரும்பி வந்த செய்தியை ஊர் அன்றுதான் தெரிந்துகொண்டது. அண்ணா நரைக்கு மை தடவிக்கொள்வதும், சாஸ்திரிகள் எங்கள் வீட்டில் வாங்கிக்கொண்டு போன வெண்கலப் பானை இன்னும் திரும்பி வராததும் அப்போதுதான் வெளிவந்தன. அரை மணி நேரம். நடுவில் அவள் குரல் ஒரு தடவை உடைந்தது, இரண்டு தடவை உடைந்தது. உடைந்த குரலோடேயே கத்தினாள். இழுத்துக்கொண்டு போன தண்ணீர் எலிசாள் சொன்ன மாதிரியே ஓர் இடத்தில் களைத்துப்போய் என்னை விட்டுவிட்டது. நான் அங்கே உமி மூட்டை மாதிரி ஆடிக்கொண்டு கிடந்தேன்.

எலிசாளின் புருஷனும் மைத்துனனும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்குக் கடலுக்குப் போகிற எண்ணம் அவர்களுக்கு இல்லை, குடிசையில் படுத்திருந்தார்கள். ஒரு பொம்பளை அப்பளத்தைப் பற்றிக் கத்துகிறாளே என்று எழுந்து வந்தார்களாம். முதலில் என் பூணூலைப் பிடித்தார்கள், அது அறுந்தது. அப்புறம் தலைமயிரைப் பிடித்தார்கள், அது அறவில்லை.

கரையில் போட்டுத் தண்ணீரைக் கக்க வைத்தார்கள். கண்ணைத் திறந்து நான் பேசிய முதல் வார்த்தை எனக்கு ஞாபகமில்லை, ஆனால் பதினொரு பேர் சாட்சி இருக்கிறார்கள். "அப்பளம் எடுத்தது நான் இல்லை, அண்ணா" என்றேனாம்.

அண்ணா என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்பளத்துக்காக இல்லை என்று நினைக்கிறேன்.

சாஸ்திரிகள் இதற்குள் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்துவிட்டார். மீன்காரர்கள் தொட்டு இழுத்திருக்கிறார்கள், இதற்கு என்ன பரிகாரம் என்று விரலை மடக்கிக்கொண்டு நின்றார். மன்னி அவர் எதிரில் வந்தாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"செத்திருந்தா பத்து நாள் தீட்டு. இதுக்கு ஒரு முழுக்கு. எது தேவலை?"

சாஸ்திரிகள் விரலைப் பிரித்துவிட்டார். வெண்கலப் பானை மறுநாளே வந்தது.

மூன்று நாளைக்கு மன்னிக்குப் பேச்சே இல்லை. சுக்கு, திப்பிலி, பனங்கல்கண்டு எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் குரல் வந்தது, ஆனால் அது பழைய குரல் இல்லை. காய்ந்த ஓலையைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். அடுக்களையில் பேசினால் கூடத்துக்குக் கேட்காது. அதுதான் நிலைத்தது. இன்றைக்கு வரைக்கும் அதுதான். பதினேழு வருஷமாக அவள் வாய் மூட வேண்டும் என்று பிரார்த்தனை பண்ணின தெரு இப்போது சும்மா இருந்தது. யார் வீட்டிலோ பால் பொங்கி வழிந்தது, ஒருவரும் சொல்லவில்லை. அண்ணா விடியற்காலையில் எழுந்து தானே கஷாயம் காய்ச்சி அவள் எதிரில் வைத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஆற்றில் மார்பைத் துடைக்கிற கால் மணி நேரம் அதற்குப் போயிற்று.

அவள் குரலை என்மேல் செலவழித்துவிட்டாள். எனக்கு அது தெரியும், எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வருஷம் தெருக்கூட்டத்தில் அண்ணா எழுந்து நின்றான். "இனிமே மத்தியானம். பசிச்சா யாரும் செத்துட மாட்டா" என்றான். அவன் அதற்கு முன் கூட்டத்தில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பித்தம் ஏறும், தலை சுற்றும் என்றார்கள். ஆனால் எல்லாருக்கும் நான் சிறுத்துப் போனது ஞாபகம் இருந்தது.

1112-ம் வருஷம், பிற்பகல் இரண்டு மணி. மேகத்துக்குப் பின்னால் சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது. அண்ணாவும் மற்றவர்களும் பசியால் வாடிய முகத்தோடு, நுரை கட்டுகிற இடமாகப் பார்த்து முழங்கால் ஆழத்தில் வரிசையாக நின்று, முதல் தடவையாகக் கடலைப் பார்த்தார்கள். சாஸ்திரிகள் நாற்பது வருஷமாக வருகிறவர். "அடேயப்பா, இவ்வளவு பெரிசா!" என்றார்.

நான் இறங்கவில்லை. கரையில் ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு என் கடமையை முடித்துவிட்டு, மன்னியோடு பாறைமேல் நின்றேன். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவளுக்கு அலை பார்க்கத் தெரியும், கத்த முடியாது. எனக்குக் கத்த முடியும், அலை பார்க்கத் தெரியாது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். பெரியது வந்தால் அழுத்துவாள், நான் கத்த வேண்டும்.

கீழே மந்திரம் ஆரம்பித்தது. மன்னி கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்த ஓலைக் குரலில் கேட்டாள்:

"வெங்கிட்டு, அன்னிக்கு நான் கத்தியிருந்தா அப்பாவுக்குக் கேட்டிருக்குமோ?"

இருபது வருஷமாக யாரிடமும் கேட்காத கேள்வி. நான் கிடந்த இடம் அவள் அப்பா நின்ற இடத்தைப் போலப் பத்து மடங்கு தூரம். அங்கே எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"கேட்டிருக்காது மன்னி. அலைச் சத்தத்துல ஒண்ணுமே கேக்காது. எனக்கே ஒண்ணும் கேக்கலை."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்பளம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொய் சொல்லவும் ஒரு ஞாபகசக்தி வேண்டும். மன்னி சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பதினோரு வயசு மன்னி. பேசாதேன்னு சொன்னவா அத்தனை பேரும் பெரியவா" என்றேன்.

மன்னி கடல் பக்கம் திரும்பினாள். என் மணிக்கட்டை அழுத்தினாள்.

"அண்ணா!" என்று கத்தினேன். என் உடம்பில் இருந்த அத்தனை காற்றையும் சேர்த்துக் கத்தினேன். எலிசாள் குடிசையிலிருந்து வெளியே வந்து பார்த்தாள். எதிரில் வருகிற அலையை எல்லாரும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பின்வாங்கினார்கள், அது அவர்கள் முழங்காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

மன்னி ஒரு கையை நீட்டி ஓரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாள். சாஸ்திரிகள், அண்ணா, பிறகு ஒவ்வொருவராக. பதினொன்று வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. அங்கேயே வெகுநேரம் நின்றது.

பிறகு அந்த விரலால் என் மார்பில் குத்தினாள்.

"பன்னண்டு" என்றாள்.